கையிருப்பில் ஒரு லஸான்யா

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் தீர்ப்புக் கூறப்படாத வழக்கொன்று நெடுநாளாக நடந்துவருகிறது. சின்ன வெங்காயம் கிடைக்காத ஊரில் பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டு வைப்பது சாம்பாரா, அன்றா என்பதே அவ்வழக்கு. சாம்பாரே என்பார் ஒருவர். பெயர்தான் சாம்பார் என்பார் மற்றொருவர். வழக்கு முடிவதற்குள் சட்டி காலியாகிவிடுகிறது. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சாம்பார் அன்று. இத்தாலி நாட்டு உணவாகிய லஸான்யா. ஆயினும் கேள்வி ஒன்றே. உரிய பொருள் இல்லாத இடத்தில், இருக்கும் பொருளைக் கொண்டு ஓர் உணவைச் செய்யும்போது எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது?

இக்கேள்வி நம் வீட்டில் எழுந்த கதையை முதலிற் கூறிவிடுகிறோம். ஜாம்ஷெட்பூரில் நாம் குடியிருந்த காலம். பள்ளியிற் படித்துக்கொண்டிருந்த நம் மகள், தோழி ஒருத்தியின் வீட்டில் லஸான்யா உண்டு வந்தாள். தன் பிறந்தநாளுக்கு அதுவே வேண்டும் என்றாள். அவ்வாண்டுதான் நம் அன்னையார் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு நம்முடன் வந்து சேர்ந்திருந்தார். முட்டையும் புலாலும் அவர் தொடுவதில்லை. அயல்மொழி வழங்கும் ஊர்; பேச்சுத்துணை இல்லை; அடுக்களையிலும் தமக்கு வேலையில்லை என்று அவர் எண்ணத் தொடங்கியிருந்தார். நாம் ஒன்று உண்ண, அவர் தனியே தயிர்ச்சோறு உண்ணும் நாட்கள் பெருகிவந்தன. பிறந்தநாளன்றாவது வீட்டார் அனைவரும் ஒன்றையே உண்ணவேண்டும் என்பது நம் விருப்பம்.

முன்னோட்டமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தோம். லஸான்யா என்பது அடுக்கி வைத்த உணவு என்ற அளவே நாம் அறிந்திருந்தது. சுட்ட சப்பாத்திகளை அடுக்கினோம். இடையிடையே பச்சைத் தக்காளித் துண்டுகளைப் பரப்பினோம். மேலே பனீரை வில்லைகளாக வைத்து, மூடி, அடுப்பில் ஏற்றினோம். அரை மணி கழித்துத் திறந்தபோது அடிப்பாகம் கரிந்திருந்தது. நடுப்பாகம் நீரில் மிதந்தது. பனீர் வைத்த வில்லை வைத்தபடியே இருந்தது. சப்பாத்தியோ நனைந்த தோல்போல் ஆகிவிட்டது. மகள் இரண்டு கவளம் உண்டு, நன்றாக இருக்கிறது என்றாள். அவள் குறை கூறாதது குறை கூறுவதினும் வருத்தத்தைத் தந்தது. அன்னையார் வழக்கம்போல் தயிர்ச்சோற்றுக்குச் சென்றுவிட்டார்.

அன்றிரவு நாம் ஒன்றை உணர்ந்தோம். "இதில் என்னென்ன சேரும்?" என்று கேட்டோமே தவிர, "சேர்வது ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது?" என்று கேட்கவில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை தேடியபோதுதான் லஸான்யாவின் வரலாறே நமக்குத் துணைநின்றது.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த லத்தீன் சமையல் நூல் ஒன்று உண்டு. 'லீபெர் தே கோகீனா' என்பது அதன் பெயர். தென் இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் அரசவையோடு அதனைத் தொடர்புபடுத்துவர் அறிஞர். அதில் லஸான்யா கூறப்பட்டுள்ளது. புளிக்கவைத்த மாவை இயன்றவரை மெல்லியதாகத் தேய்த்து, மூன்று விரல் அகலச் சதுரங்களாக வெட்டி, உப்பு நீரில் வேகவைத்து, துருவிய பாலாடைக்கட்டியையும் பொடித்த வாசனைப் பொருள்களையும் தூவித் தூவி அடுக்கவேண்டும். பின் கூர்மையான மரக்குச்சியாற் குத்தி எடுத்து உண்ணவேண்டும். அவ்வளவே. அதில் தக்காளி இல்லை, இருக்கவும் வழியில்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்து சென்ற பிறகே அது ஐரோப்பாவுக்கு வந்தது. இத்தாலியச் சமையல் நூலில் தக்காளிச் சாறு இடம்பெற்றது 1692இல், அந்தோனியோ லத்தீனி என்பார் நேப்பிள்ஸில் வெளியிட்ட நூலில்தான். பழைய நூலின் லஸான்யாவைச் சூளையில் வைத்துச் சுடுவதும் இல்லை.

பிற்காலத்தில் ஊருக்கு ஒரு முறையாக அது கிளைத்தது. வடக்கே பொலோன்யா நகரில் மாவுடன் முட்டையும் பசலைக்கீரையும் சேர்த்துப் பச்சை நிற ஏடுகள் செய்வர். இறைச்சியை நெடுநேரம் வேகவைத்த குழம்பையும், மாவும் பாலும் சேர்ந்த வெண்ணிறக் கூழையும் இடையே இடுவர். அக்குழம்புக்கு 'ராகூ' என்று பெயர். நம் நவக்கிரகத்து ராகுவுக்கும் அதற்கும் உறவில்லை. அதன் முறை 1982இல் அந்நகர வணிக மன்றத்தில் முறைப்படி பதிவும் செய்யப்பட்டிருக்கிறது. தெற்கே நேப்பிள்ஸிலோ, நோன்புக் காலத்துக்கு முன்வரும் களியாட்ட நாட்களில் செய்யும் லஸான்யாவில் வெண்கூழ் இல்லை. ரிகோட்டா என்னும் இளம் பாலாடைக்கட்டியும், சிறு இறைச்சி உருண்டைகளும், வேகவைத்த முட்டையும் சேரும்.

அதன்பின் நடந்ததே நம்போன்ற குடிபெயர்ந்தோர் கருதத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென் இத்தாலியர் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் குடியேறினர். ஊர்ச் சமையலையும் உடன் கொண்டுசென்றனர். லஸான்யா அந்நாட்டில் பரவியபோது, ரிகோட்டா கிடைக்காத ஊர்களில் அங்குள்ள கடைகளில் எளிதாகக் கிடைத்த, தயிர்போல் உதிரியான இளம் பாலாடைக்கட்டியை இட்டனர். அவ்வாறு செய்த லஸான்யாவை உண்டு வளர்ந்த தலைமுறைகள் பல. ஆகவே, கையில் உள்ளதைக் கொண்டு இதனைச் செய்வது நாம் புதிதாகச் செய்யும் குற்றம் அன்று. அப்பண்டம் வளர்ந்த வழியே அதுதான்.

இனி, அடுக்கில் உள்ள ஒவ்வொன்றின் கடமையையும் பார்ப்போம். அவை நான்கு: ஏடு, சாறு, பாற்கூழ், பாலாடைக்கட்டி.

முதலாவது ஏடு. மற்றவற்றைத் தாங்குவதும், அவற்றின் ஈரத்தை ஓரளவு உறிஞ்சிக்கொள்வதும் அதன் கடமை. சுட்ட சப்பாத்தி இதற்கு ஏன் பயன்படவில்லை? கல்லிற் பட்டபோதே அதன் மேற்பரப்பு காய்ந்து தனித்தோலாகிவிடுகிறது. பின் ஈரம் பட்டால் ஊறுகிறதேயன்றிச் சாற்றோடு இணைவதில்லை. நீரில் வெந்த ஏட்டின் மேலோ மாவுப்பசை மெல்லப் படர்ந்திருக்கும். அப்பசையே அடுக்குகளை ஒட்டவைக்கிறது. எனவே மாவு சப்பாத்தி மாவாகவே இருக்கலாம். சுடுவதை விட்டு வேகவைக்கவேண்டும். 150 கிராம் சலித்த கோதுமை மாவு, 50 கிராம் மெல்லிய ரவை, சிறிது உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றை ஏறத்தாழ 100 மில்லி நீர் விட்டுச் சற்றுக் கெட்டியாகப் பிசைக. முட்டை தரும் உறுதியில் ஒரு பகுதியை ரவை தரும். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் வாழும் அன்பர்களுக்குப் பன்சி ரவை கிடைக்கும். அது இத்தாலியர் உலர்ந்த பாஸ்தா செய்யும் டூரம் கோதுமை இனத்து ரவையே. பிசைந்த மாவை மூடி அரை மணி வைத்தால், மாவிலுள்ள பசைப் புரதம் தளர்ந்து, தேய்க்கும்போது சுருங்காமல் விரியும். ஏழு உருண்டைகளாக்கிப் பூரிக் கட்டையால் சப்பாத்தியினும் மெல்லியதாகத் தேய்க்கவும். சதுரமாக வெட்டவேண்டுவதில்லை. நம் பாத்திரம் வட்டமானது. நம் கைக்குப் பழகியதும் வட்டமே. கொதிக்கும் உப்பு நீரில் ஒவ்வொன்றாக இட்டு, இரண்டு நிமிடத்தில் எடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, ஈரத்துணியின்மேல் தனித்தனியே விரித்து வைக்கவும்.

இரண்டாவது சாறு. புளிப்பும் உப்பும் ஊட்டமும் தருவது அதன் கடமை. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு நீர்தான். பச்சையாக அடுக்கினால் அந்நீர் முழுவதும் பாத்திரத்திற்குள்ளேயே வெளிப்படும். நம் முதல் முயற்சி மிதந்ததற்குக் காரணம் அதுவே. நன்கு பழுத்த தக்காளி 1 கிலோ எடுத்து அரைத்து, பாதியளவாகச் சுண்டும்வரை தனியே கொதிக்கவிடவேண்டும். இறைச்சிக்குப் பதிலாகத் தோல் நீக்காத முழு மசூர்ப் பருப்பு 100 கிராமை நாம் எடுத்துக்கொண்டோம். வட இந்தியக் கடைகளில் இதற்குப் பஞ்சமில்லை. உடையாமல் வேகவைத்து, பாதியை மட்டும் மசித்துக்கொண்டால், கொத்துக்கறியைப் போன்ற பதம் கிட்டும். இரண்டு வெங்காயம், ஒரு கேரட், நான்கு பல் பூண்டு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, நிதானமான தீயில் பொன்னிறமாகும்வரை வதக்கவேண்டும். அவசரப்படலாகாத இடம் இது. இறைச்சி தரும் ஆழ்ந்த சுவைக்கு ஈடாக இங்கே நிற்பது இவ்வதக்கலே. பருப்பும் தக்காளியும் சேர்த்து, மிளகுப்பொடி தூவி, கரண்டியால் வகிர்ந்தால் வழி மூடாத அளவுக்குக் கெட்டியானபின் இறக்குக. புலால் உண்போர் கொத்துக்கறியை இட்டுக்கொள்ளலாம். எண்ணெயில் வாட்டிய கத்தரிக்காயும் ஏற்றதே.

மூன்றாவது பாற்கூழ். சாற்றின் புளிப்பைத் தணிப்பதும், வெந்தபின் இறுகி அடுக்குகளைப் பிணைப்பதும் அதன் கடமை. 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவைப் பச்சை வாசனை நீங்கும்வரை நிறம் மாறாமல் வறுத்து, அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறவேண்டும். இங்கேதான் அன்னையார் முதன்முதலாக அடுக்களைக்குள் வந்தார். நாம் கட்டி தட்டிய கூழோடு போராடிக்கொண்டிருந்தோம். "கொதிக்கிற பாலை விட்டால் கட்டிதான் தட்டும். ஆறின பாலை விட்டுக் கரை" என்றார். கேழ்வரகுக் கூழ் காய்ச்சிய கைக்கு அது பாலபாடம். காரணம் எளிது. கோதுமை மாவின் துகள்கள் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். சூடான பால் பட்டால் வெளிப்புறத் துகள் உடனே உப்பி, உள்ளே உலர்ந்த மாவைச் சிறைப்படுத்திவிடும். ஆறிய பாலில் எல்லாத் துகளும் முதலிற் பிரிந்து, பிறகு ஒன்றாக உப்பும். கூழ் கெட்டியானதும் ஒரு சிட்டிகை சாதிக்காயைத் துருவிச் சேர்க்கவேண்டும். இது நம் மாற்றம் அன்று. இத்தாலியரும் இக்கூழில் இடுவது சாதிக்காயே. குழந்தைகளுக்கு உரசிக் கொடுப்பதற்காக அன்னையார் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த காயே அன்று பயன்பட்டது.

நான்காவது பாலாடைக்கட்டி. இதில்தான் பிழை நேர்வது எளிது. ஏனெனில் இரண்டு வெவ்வேறு கடமைகளை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். உருகி இழைவது ஒன்று. மென்மையும் நிறைவும் தருவது மற்றொன்று. பனீர் ஏன் உருகுவதில்லை? கொதிக்கும் பாலில் புளிப்பிட்டுத் திரிப்பதால், பாற்புரதங்களை நெகிழ்வாகப் பிணைத்திருக்கும் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி கரைந்து வெளியேறுகிறது. புரதங்கள் நேருக்கு நேர் இறுகப் பற்றிக்கொள்கின்றன. எத்துணைச் சூடாக்கினும் அவை விடுவதில்லை. ஆகவே பனீரை உருகும் வேலைக்கு அமர்த்தலாகாது. உதிர்த்து இடையே தூவினால் ரிகோட்டாவின் வேலையைச் செம்மையாகச் செய்யும். வங்கத்திலும் அதன் அண்டையிலும் வாழ்வோர்க்குச் சந்தேஷ் செய்யும் சானா கிடைக்கும். அது பனீரினும் ஏற்றது. நாம் 200 கிராம் சானாவையே பயன்படுத்தினோம்.

உருகும் வேலைக்குக் கடையில் விற்கும் பதப்படுத்திய பாலாடைக்கட்டி 100 கிராம் போதும். அதில் பாதியைத் துருவிச் சூடான பாற்கூழிலேயே கலந்துவிடவேண்டும். மீதி மேலே தூவுவதற்கு. ஜம்முப் பகுதியில் வாழ்வோர் கலாரியை இடலாம். சூடு பட்டால் நன்றாக நெகிழ்வது அது. கொல்கத்தாவில் வாழ்வோர்க்குப் பண்டேல் பாலாடைக்கட்டி கிட்டும். உப்பு மிகுந்தது ஆதலால் நீரில் ஊறவைத்துச் சிறிதளவே சேர்க்கவேண்டும். மரக்கறி உண்போர் கவனிக்கவேண்டியது ஒன்று: இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோவை உறையவைக்கும் பொருள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. ஆதலால் உறையின்மேல் பச்சை வட்டக் குறி உள்ளதா எனப் பார்த்து வாங்குவது நலம். மரபான பொருளை அன்னையாருக்காகவே விட்டுவிட்டு, மாற்றுப் பொருளைத் தேர்ந்துகொண்ட இடம் இது.

நான்கும் ஆயத்தமானபின் அடுக்குவது சிறு வேலை. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கனத்த பாத்திரத்தின் உட்புறம் வெண்ணெய் தடவி, அடியில் ஒரு கரண்டி சாறு பரப்புக. அதன்மேல் ஏடு, ஏட்டின்மேல் சாறு, உதிர்த்த சானா, பாற்கூழ், மீண்டும் ஏடு. ஏழாவது ஏட்டின்மேல் மிஞ்சிய பாற்கூழையும் துருவிய பாலாடைக்கட்டியையும் இடுக. பாத்திரத்தின் விளிம்பு மேலே இரு விரற்கடை உயர்ந்து நிற்கட்டும்.

மின்சூளை உடையோர் 180 பாகையில் 35 நிமிடம் வைத்தாற் போதும். நம்மிடம் அஃதில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: அடுக்கிய பொருள்கள் அனைத்தும் முன்னரே வெந்தவை. தீயின் வேலை அவற்றைச் சேர்ப்பது மட்டுமே. கனத்த தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, அதன்மேல் பாத்திரத்தை வைத்து மூடிவிட்டால், தீ நேரே அடியிற் படாது, கரியாது. 40 நிமிடம் வைத்து, இடையில் இருமுறை மூடியின் உட்புறம் திரளும் நீரைத் துடைக்கவேண்டும். இறுதியில் மேற்புறம் சிவக்க, வேறோர் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, இடுக்கியாற் பிடித்து, மூடிக்குப் பதிலாக விளிம்பின்மேல் ஐந்து நிமிடம் வைக்கலாம். மேலிருந்து இறங்கும் வெப்பத்தில் பாலாடைக்கட்டி உருகி, ஆங்காங்கே பொன்னிறம் கொள்ளும்.

பிறந்தநாளன்று இவ்வாறு செய்து இறக்கிவைத்தோம். மகள் தோழியருடன் மேசையைச் சுற்றி நின்றாள். நாம் கத்தியை எடுத்தோம். அன்னையார் தடுத்தார். "அல்வாவைத் தட்டில் கொட்டினவுடனே வில்லை போடுவாயா? ஆறட்டும்" என்றார். கால்மணி நேரம் காத்திருந்தோம். அக்காத்திருப்பில்தான் பாற்கூழின் மாவு இறுகி அடுக்குகளைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். அவர் படிக்காமலே அறிந்திருந்தார். வெட்டியபோது துண்டு சரியாமல் நின்றது. ஏழு ஏடுகளும் ஓரத்தில் கோடுகளாகத் தெரிந்தன.

அன்னையார் ஒரு துண்டை வாங்கி உண்டார். "புளிப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம்" என்பது அவர் கருத்து. மறுமாதம் அதனைச் செய்தபோது பூரிக் கட்டை அவர் கையில் இருந்தது. மாவு தேய்த்தவர் அவரே. அருகிலிருந்த தோழிக்கு ஏடு மெல்லியதாக வருவதற்குரிய வழியைத் தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தார். அப்பெண்ணும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றைச் சொல்லி முடிப்போம். நாம் செய்தது பொலோன்யா நகரத்து லஸான்யா என்று உரிமை கொண்டாடமாட்டோம். அதற்கு முட்டையும் இறைச்சியும் பார்மிஜானோவும் வேண்டும். அதன் சுவையும் வேறு. அந்நகரத்தார் தம் முறையைப் பதிவுசெய்து காப்பது அவர் கடமை; நாம் அப்பெயரைக் கடன் வாங்காதிருப்பது நம் கடமை. ஜாம்ஷெட்பூர் லஸான்யா என்றே நம் வீட்டில் அதற்குப் பெயர். தாங்கவேண்டியதைத் தாங்க ஒன்று, புளிக்க ஒன்று, பிணைக்க ஒன்று, உருக ஒன்று என நான்கு கடமைகளும் அதில் நிறைவேறியுள்ளன. அவற்றுள் ஒன்று குறைந்தாலும், முதல் ஞாயிறன்று நேர்ந்தது மீண்டும் நேரும்.

சாம்பார் வழக்குக்கும் இதே அளவுகோலைக் கொள்ளலாமே. சின்ன வெங்காயம் இனிப்பையும் மணத்தையும் தருவது. பெரிய வெங்காயத்தை நீரில் அப்படியே போடாமல், நல்லெண்ணெயில் நிதானமாக வதக்கிச் சேர்த்துப் பாருங்கள். தீர்ப்பை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூறட்டும்.